பொழுது படுமுன் திறந்த கிடங்கு

நேற்றுப் பின்னேரம் இந்த வருடத்தின் முதல் மழை பெய்தது. மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த நிலத்தில் பெரிய துளிகள் விழுந்ததும் அந்த வாசனை எழுந்தது. நாங்கள் இப்போது குடியிருக்கும் இந்த இரவல் வீட்டுப் பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடினார்கள். என் மனைவி குசினியிலிருந்து வெளியே வந்து, முகத்தை உயர்த்தி, "என்ன வாசம் பாருங்கோ" என்றார். நான் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன். அவர் காரணம் கேட்கவில்லை. எந்த மழைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன் என்பது அவருக்குப் பழகிவிட்டது.

நனைந்த மண்ணின் வாசனை எனக்கு நெஞ்சை அடைக்கிறது. ஏன் என்பதை முழுமையாக அறிந்தவர்கள் மூன்று பேர்: நீர், உம்முடைய மனைவி றீற்றா, நான். இப்போது நீர் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை றீற்றா உமக்கு ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுப்பித்தார். பூசை முடிந்து வீட்டில் ஒன்று நடந்தது. அதை உமக்கு அறிவிக்க வேண்டியது என் கடமை. ஆனால் நடுவிலிருந்து தொடங்க எனக்குத் தெரியாது, ஒழுங்காகத்தான் வரவேண்டும். வானத்தில் மறுபடியும் விமானங்கள் திரியத் தொடங்கிவிட்டன. எழுதி முடிக்கும்வரை அவை பொறுத்தால் போதும்.

கரம்பொன்னில் நாம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் ஆசிரியனானேன். நீர் பள்ளியை இடையில் விட்டு, நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்த ஒரு வித்தைக்காரரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர். சில வருடங்கள் கழித்து உம்முடைய சொந்தப் பெட்டியோடு திரும்பினீர். உம்முடைய வீட்டார் உம்மைப் பற்றி யாரும் கேட்டால் "வெளியூரில் வேலை" என்று சொல்லி வந்தார்கள். அந்த வெளியூர் ஊர்காவற்றுறை இறங்குதுறை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் சேர்ப்பதற்கு நீர் ஒருபோதும் மேளம் அடித்ததில்லை, கூவியதில்லை. ஒரு மூடிய குடையை மண்ணில் ஊன்றிவிட்டு, சற்று விலகி நின்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர். வள்ளத்துக்குக் காத்திருப்பவர்களில் ஒருவர் வருவார்.

"என்ன அண்ணை பாக்கிறியள்?"

"சத்தம் போடாதையும். இன்னும் விரியேல்லை."

அவரும் நின்று பார்ப்பார். பிறகு இன்னொருவர். ஆள் வட்டம் முழுமையானதும் நீர் குடையைத் திரும்பியும் பாராமல் அவர்களில் ஒருவருடைய சட்டைப் பையிலிருந்து முட்டை எடுப்பீர். அந்தக் குடை விரிந்ததை எவரும் கண்டதில்லை. கேட்க மறந்துபோனார்கள்.

முட்டையும் நாணயமும் உமக்குக் கைப்பழக்கம். உடம்பு தாங்கும் வித்தைகளே உமக்குப் பெருமை. ஆணிப் பலகையில் படுத்து நெஞ்சில் கல் உடைப்பித்தீர். தலைமயிரில் கயிறு கட்டி மணல் ஏற்றிய லொறியை இழுத்தீர். ஆனால் எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு உம்முடைய தொழிலின் நிலம் சுருங்கியது. தெற்கிலிருந்து நயினாதீவுக்கு வந்த யாத்திரிகர் நின்றுபோனார்கள். வள்ளங்கள் ஓடும் நாளும் ஓடாத நாளும் யாருக்கும் தெரியாமற் போயிற்று. ஆட்கள் கூட்டமாக நிற்பதே ஆபத்து என்று ஆனபோது, கூட்டம் சேர்ப்பவனின் பாடு என்ன? இதை நான் கேட்டபோது, "சனம் ஒளிச்சிருக்கிற காலத்தில வெளியில வரப்பண்ணுறதுதான் வித்தை" என்றீர். நான் அதை வீம்பு என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஊர்காவற்றுறையில் தொடர் சைக்கிள் ஓட்டம் வைத்தீர். கால் நிலத்தில் படாமல் கயிற்று வளையத்துக்குள் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டே இருப்பது. ஓடியபடியே சாப்பிட்டீர்; கைபிடியில் கண்ணாடி கட்டி முகம் வழித்தீர்; றீற்றா பக்கத்தில் ஓடிவந்து தலையில் வாளித் தண்ணீர் ஊற்ற, சவர்க்காரம் போட்டுக் குளித்தும் காட்டினீர். முடியும் நாளின் காலையில் ஒரு தேநீர்க்கடைக்காரர் கூட்டத்தின் நடுவே எழுந்தார்.

"விடியப்புறம் சனம் நித்திரை. நான் கண்டனான். இடக்கால் மண்ணில கிடந்தது."

"கண்டால் அப்பவே கத்தியிருக்கலாமே?" என்று நீர் ஓடியபடி கேட்டீர்.

"கத்தினா நீர் காலை எடுத்துப்போடுவீரே!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு வழக்கு முடிந்துவிட்டது. சாட்சியை விசாரிக்க ஆளில்லை, தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை. அன்றிலிருந்து உமக்குக் "காலூன்றி" என்று பெயர் விழுந்தது. எந்த இறங்குதுறையில் பெட்டியைத் திறந்தாலும் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "காலூன்றி அண்ணை, கால் சுகமோ?" முட்டை எடுக்கும்போதுகூடச் சிரித்தார்கள், தவறான இடத்தில்.

உண்மையில் காலை வைத்தீரா என்று நான் பிறகு உம்மிடம் கேட்டேன். "எனக்கே தெரியாது. கண் திறந்தபடி நித்திரை. வைச்சிருந்தாலும் வைச்சிருப்பன்" என்றீர். அந்தப் பதிலுக்காக உம்மீது எனக்கு மரியாதை கூடியது. உமக்குச் சோறு போட அந்த மரியாதை உதவவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் நீர் றீற்றாவோடு நெடுந்தீவில் வந்து இறங்கினீர். நான் அங்கே பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெயில் அந்தத் தீவின் புல்லையெல்லாம் வெள்ளையாக்கியிருந்தது. குதிரைகள் காய்ந்த கேணிகளின் கரையில் தலை குனிந்து நின்றன. நீர் என் அறையில் கதிரையில் இருக்காமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடி சொன்னீர்:

"உயிரோட மண்ணுக்குள்ள தாழப்போறன். எனக்கு ஒரு நடுவர் வேணும். சொந்தமில்லாத, சிரிக்காத ஆள்."

"நான் சிரிக்காத ஆளோ?"

"ஒரே வாங்கில இருந்தனாங்கள். நான் காணேல்லை."

நான் மறுத்தேன். நீர் முறையை விளக்கினீர். காலை வெயில் ஏறும்போது நிலத்தில் வெட்டிய கிடங்கில் இறங்குவது; பனம்பலகையால் மூடி, மேலே மண் போடுவது; பொழுது படும்போது திறப்பது. மூச்சுக்கு என்ன வழி என்று கேட்டேன். ஏதோ மறைவான குழாய் இருக்குமென்றே எண்ணினேன். நீர் குனிந்து, வாசலில் கிடந்த பொடிமண்ணை ஒரு கை அள்ளி விரலிடுக்கில் ஓடவிட்டீர்.

"குழாயும் இல்லை, ஒண்டும் இல்லை. காஞ்ச மண் பஞ்சு மாதிரி, காத்து போய்வரும். அதுதான் ஆவணியில வைக்கிறன். மாரியில எண்டா ஆர் வந்து காலில விழுந்தாலும் இறங்கமாட்டன்."

வித்தை என்று இருந்தது அவ்வளவுதான்: பருவத்தைத் தெரிந்துகொள்வது. ஏமாற்று இல்லை என்று அறிந்தபின் நான் ஒப்புக்கொண்டேன். நிபந்தனைகளை நானே வகுத்தேன். மேட்டை எவரும் கையாலோ காலாலோ தொடக்கூடாது. எவரும் தோண்டக்கூடாது. உம்முடைய விரலில் கட்டிய தங்கூசி, அந்த மெல்லிய மீன்பிடி நைலோன் நூல், மண்ணை ஊடறுத்து மேலே வந்து ஒரு கம்பில் தொங்கும் மணியோடு சேரும். இடைக்கிடை ஒரு முறை அடித்தால் சுகம். விடாமல் அடித்தால் உடனே திறக்க வேண்டும். நூலை ஒரு மூங்கிற் குழலுக்குள் விடலாமே என்று நான் சொன்னதை நீர் ஏற்கவில்லை. குழல் என்று ஒன்றைக் கண்டால் சனம் அதை மூச்சுக்குழல் என்றுதான் சொல்லும்; காலூன்றிக்கு இரண்டாம் பெயரும் விழும்.

கடைசி நிபந்தனை உம்முடையது. "மணி விடாமல் அடிச்சாலொழிய நேரத்துக்கு முந்தித் திறக்கப்படாது. றீற்றா அழுதாலும் திறக்காதையும். முந்தித் திறந்தால் இந்தத் தீவுகளில நான் இனி ஒரு முட்டையும் எடுக்கேலாது." கையில் அடித்துத் தரச் சொன்னீர். அடித்துத் தந்தேன்.

இயக்கப் பொடியளிடம் அனுமதி கேட்கப் போனபோது அவர்களில் ஒருவன் சைக்கிளில் சாய்ந்து நின்று சிரித்தான். "பங்கர் வெட்டுங்கோ எண்டு நாங்கள் தொண்டை கிழியக் கத்தினா முருகைக்கல்லு, வெட்டேலாது எண்டுதுகள். உங்களுக்கு மட்டும் கிடங்கு வெட்டித் தருதுகள், என்னண்ணை?" நீர் அவனுடைய காதிலிருந்து ஒரு துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோதை எடுத்துக் கொடுத்தீர். அவன் சிரிப்பை நிறுத்திக் காதைத் தடவினான். அனுமதி கிடைத்தது.

குறித்த நாள் காலை நிபந்தனைகளை நான் உரத்து வாசித்தேன். நீர் வேட்டியை மடித்துக் கட்டி, நாற்புறமும் கும்பிட்டு, இறங்கினீர். பலகை, பாய், பிறகு மண். மண் விழும் ஓசை முதலில் பலகையில் பட்டு அதிர்ந்தது. பிறகு மண்மேல் மண் விழும் மந்த ஓசையாயிற்று. மணி ஒரு முறை அடித்தது. சனம் "அரோகரா" என்றது. றீற்றா மணிக்கம்பின் அருகே செபமாலையோடு இருந்தார்.

சிறிது நேரத்தில் ஒரு இராணுவ ஹெலி கடற்பக்கமாக வந்தது. சனம் மதில்களின் ஓரமாகச் சிதறியது. நானும் ஒரு கல்மதிலோடு ஒட்டிக் குந்தினேன். பக்கத்தில் குந்தியிருந்த மீன்காரர், "இப்ப நெடுந்தீவில பயமில்லாமல் படுத்திருக்கிறது அவர் ஒருத்தர்தான்" என்றார். ஹெலி போனது. சனம் திரும்பியது. மணி அடித்தது. எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறிய வேளையில் பாக்கியம் என்ற ஊர்ப் பெண் ஒருவர் வந்தார். இடுப்பில் ஒரு செம்புக் குடம். அவருடைய ஒரே மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியிருந்தது. என்ன நடந்தது என்று சொல்ல யாருமில்லை. நன்னீர்க் கிணற்றிலிருந்து அந்தக் குடத்தை அவர் சுமந்து வந்த தூரத்தை அந்தத் தீவில் இருந்தவன் என்ற முறையில் நான் அறிவேன். அந்த மாதத்தில் அது ஒரு குடும்பத்தின் ஒரு நாட் குடிதண்ணீர்.

"மாஸ்ரர், நான் தொடமாட்டன், தோண்டமாட்டன். சுவாமியின்ர கால்மாட்டில இதை ஊத்திப்போட்டுப் போறன்."

"அவர் சுவாமி இல்லை அம்மா. கரம்பொன்னில என்னோட படிச்சவர்."

"மண்ணுக்குள்ள போய்த் திரும்பி வாற மனிசன், தண்ணிக்குள்ள போனவனைத் திருப்பித் தரமாட்டாரோ?"

நான் நிபந்தனைகளை மனத்தில் ஓட்டினேன். தண்ணீரைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. நெடுந்தீவில், ஆவணி மாதத்தில், ஒருவர் நல்ல தண்ணீரை வெறுந்தரையில் ஊற்றுவார் என்று எண்ண யாருக்குத் தோன்றும்? அவர் ஊற்றினார். மண் ஒரு கணத்தில் அதைக் குடித்தது. மணி அடித்தது. தற்செயல்தான், ஆனால் அந்த அம்மா அப்படியே நிலத்தில் விழுந்து கும்பிட்டார்.

அதன்பின் தடுக்க முடியவில்லை. மகன் வராதவர்கள், மகன் இயக்கத்துக்குப் போனவர்கள், கணவன் பிடிபட்டவர்கள் என்று ஒவ்வொரு வளவிலிருந்தும் குடங்கள் வந்தன. "போதும் அம்மாமார், போதும்" என்று நான் கையை விரித்து நின்றேன். கைக்குக் கீழாலே ஊற்றினார்கள். கால்மாட்டில் தொடங்கியது தலைமாட்டுக்கு வந்தது. ஒருவர் மஞ்சள் கரைத்து ஊற்றினார், ஒருவர் இளநீர். மேடு கறுத்துப் பளபளத்தது. அப்போதுதான் அந்த வாசனை எழுந்தது, நேற்று எழுந்த அதே வாசனை.

மணி பாதி அடித்து நின்றது. பிறகு அடிக்கவில்லை.

முதலில் நான் காத்திருந்தேன். இடைவெளி முன்பைவிட நீண்டது. இன்னும் நீண்டது. கூட்டம் பேசுவதை நிறுத்தியது. யாரோ மெதுவாக, "சமாதி கூடிட்டுது" என்றார். அந்தச் சொல் கூட்டத்தினூடாகப் போனது. பெண்கள் தலைக்குமேல் கைகூப்பினார்கள். றீற்றா என்னைப் பார்த்தார். செபமாலை கையில் அசையாமல் கிடந்தது.

"மாஸ்ரர், நான் திறக்கச் சொன்னால் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து செய்த கள்ளம் எண்டுவினம்," என்றார், உதடு அசையாமல். "என்னால சொல்லேலாது. நீங்கள் சொல்லுங்கோ."

நான் மேட்டருகே முழங்காலிட்டேன். தொடக்கூடாது என்ற விதியை முதலில் மீறியது அதை எழுதிய கைதான். மண் களியாக, குளிர்ந்து, ஒன்றாக இறுகிக் கிடந்தது. தங்கூசியை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். அது வரவில்லை. ஈரமண் அதைப் பல்லால் கடித்துப் பிடித்ததுபோல் இருந்தது. இப்போது அந்த மணியின் மௌனத்துக்கு இரண்டு பொருள் இருக்கலாம்: நீர் அடிக்கவில்லை, அல்லது நீர் அடிப்பது எங்களுக்குக் கேட்கவில்லை. முதலாவதானால் திறப்பது உம்முடைய பெயரை முடித்துவிடும். இரண்டாவதானால் திறக்காதது உம்மை முடித்துவிடும். வெயில் இன்னும் சாயவில்லை.

"மண்வெட்டியைத் தாருங்கோ" என்றேன்.

கூட்டத்தின் முன்னால் நின்ற சம்மாட்டியார், பல வள்ளங்களுக்கு உரிமையாளர், தமது அகன்ற கையை மண்வெட்டியின் மேல் வைத்தார்.

"நீங்கள்தானே மாஸ்ரர் காலமை வாசிச்சனீங்கள், மணி விடாமல் அடிச்சாலொழியத் திறக்கப்படாதெண்டு?"

"ஓம்."

"இப்ப மணி அடிக்குதோ?"

"இல்லை."

"அப்ப?"

"அடிக்காதபடியால்தான் திறக்கிறன்."

"தவத்தைக் குழப்பினால் ஊருக்குக் கூடாது. பொழுது படட்டும்."

"அந்த விதியை எழுதினவன் நான். அழிக்கிறவனும் நான். கையை எடுங்கோ ஐயா."

என் குரல் அப்படி உயரும் என்று எனக்குத் தெரியாது. அவர் கையை எடுத்தது என் குரலுக்கா, றீற்றா அந்தக் கணத்தில் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றதற்கா, இன்றும் சொல்லத் தெரியவில்லை. நான் வெட்டினேன். களிமண் வெட்டியில் ஒட்டிக்கொண்டு உதற உதற விழவில்லை. கையால் வாரினேன். பாக்கியம் பின்னால் நின்று கத்தினார்: "வேண்டாம் மாஸ்ரர், வேண்டாம், என்ர பிள்ளையின்ர நேர்த்தி! பொழுது படேல்லை, மாஸ்ரர்!"

பலகையைப் பெயர்த்தபோது ஒரு வெம்மையான, பழைய காற்று என் முகத்தில் அடித்தது. உம்முடைய முகம் நீலம் பாரித்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைக் காணவில்லை. நான் உம்முடைய தோளைப் பிடித்துக் குலுக்கினேன். ஒரு மூச்சு உள்ளே போனது. அந்த ஒலியை நான் வேறு எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. உம்முடைய வலக்கைச் சுட்டுவிரலைத் தங்கூசி எலும்பு தெரியுமளவு அறுத்திருந்தது.

உம்முடைய வாயருகே காதை வைத்தேன்.

"அடிச்சனான்," என்றீர். "அடிச்சுக்கொண்டே இருந்தனான்."

"தண்ணி ஊத்தினவை. மண் இறுகிப்போச்சு."

நீர் கண்ணை மூடித் திறந்தீர். மேலே குனிந்து நிற்கும் தலைகளுக்குள் பாக்கியத்தின் குரல் அழுதுகொண்டிருந்தது. அதை நீர் கேட்டீர். நீர் கேட்டதை நான் கண்டேன்.

"தண்ணியெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

பிறகு நீர் செய்ததை வித்தை என்று சொல்வதா, வேறென்ன பெயரிடுவதா? அந்த நிலையில், அந்த உடம்போடு, என் தோளைப் பிடித்து எழுந்து நின்றீர். வெட்டுண்ட விரலைச் சால்வைக்குள் மறைத்தீர். சனத்தைப் பார்த்துச் சிரித்தீர். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்க உரத்த குரலில் கேட்டீர்:

"ஆரைக் கேட்டுத் திறந்தனீர்? பொழுது பட்டிட்டுதோ? நான் நல்லா ஆழ்ந்துபோய்க் கிடந்தனான். ஏன் குழப்பினீர்?"

நான் வாயைத் திறந்தேன். உம்முடைய கை என் தோளை இறுக்கியது. நான் வாயை மூடினேன்.

கூட்டம் என்மேல் பாய்ந்தது. அடிக்கவில்லை, அதைவிடப் பொல்லாதது, கேலி செய்தது. மீன்காரர்தான் தொடக்கினார்: "மாஸ்ரருக்குப் பள்ளிக்கூட மணி எண்டு நினைப்பு. நேரத்தோட விட்டிட்டார்!" அன்று மாலை நீர் "சுவாமி" ஆகிவிட்டீர். காலூன்றி என்ற பெயரை அதன்பின் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கோ, நான் நெடுந்தீவில் இருந்த மிச்சக் காலம் முழுவதும், வகுப்பில் ஐந்து நிமிடம் முந்தி விட்டாலும் பிந்தி விட்டாலும் வாசலில் ஒரு சிரிப்பு இருந்தது. வாக்கை மீறாதவன் என்ற பெயர் ஒன்றே எனக்கு இருந்த சொத்து. அதை அந்தக் கிடங்கில் போட்டு மூடினார்கள். உம்முடைய பெயர் வெளியே வந்தது.

இதில் எனக்கு உம்மீது கோபம் இருந்தது. மறைப்பதற்கில்லை. பல வருடங்கள் இருந்தது.

நீர் அதன்பின் நிலத்துக்குள் இறங்கவில்லை. எத்தனையோ ஊர்கள் கேட்டு வந்தன. மீண்டும் குடையும் முட்டையும் நாணயமும்தான். தீவுகளை விட்டு நாமெல்லோரும் ஓடிவந்து, வலிகாமத்தில் அடுத்தடுத்த வளவுகளில் இரவல் இருந்தபோது, அதன் காரணத்தை நான் கண்டேன். விமானச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பங்கருக்குள் பாய்வோம். நீர் வரமாட்டீர். படியின் முதற் கட்டில் மட்டும் இருப்பீர், கால் உள்ளே, உடம்பு வெளியே.

"உள்ளுக்கு வாரும்!" என்று நான் கத்துவேன்.

"உள்ளுக்கு இடமில்லை."

இடம் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். நீர் அங்கே இருந்தபடி, உள்ளே அழும் பிள்ளைகளின் காதுகளிலிருந்து நாணயம் எடுத்துக் காட்டுவீர். குண்டு விழும் ஒவ்வொரு முறையும் ஒரு நாணயம். பிள்ளைகள் அடுத்த குண்டைவிட அடுத்த காதை எதிர்பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்படி ஒரு நாள், சத்தம் ஓய்ந்து நாம் இருவரும் மட்டும் அந்தப் படியில் இருந்தபோது, நான் கேட்டேன். அன்று ஏன் பழியை என்மேல் போட்டீர், உம்முடைய பெயருக்காகவா என்று.

நீர் நாணயத்தை விரல்களின் மேல் உருட்டிக்கொண்டிருந்தீர். அந்த விரலில் வடு வெள்ளையாக இருந்தது.

"அந்த மனிசி குடிக்கிற தண்ணியை ஊத்தினது. அந்தத் தண்ணியாலதான் ஒருத்தன் மூச்சு முட்டினவன் எண்டு தெரிஞ்சா, அந்த மனிசி பிறகு கிணத்தடிக்குப் போகுமோ?"

நாணயத்தை உள்ளங்கையில் மூடி, "பேரும்தான்" என்றீர். "பேரும் வேணுமாயிருந்தது. பொய் சொல்லக்கூடாது."

கோபம் அன்று போய்விட்டது என்று எழுதினால் அழகாயிருக்கும். முழுவதும் போகவில்லை. ஆனால் அதன்பின் உம்மோடு அந்தப் படியில் நானும் சில தடவை வெளியே இருந்தேன்.

சென்ற வருடம் நான் உள்ளே இருந்த நாளில்தான் அது நடந்தது. ஷெல் வேலிக்கு அப்பால் விழுந்தது. உம்முடைய கை உள்ளே நீண்டிருந்தது, ஒரு சிறுபெண்ணின் காதருகே. அவள் காத்திருந்தாள். கை விழுந்தது. நாணயம் படிகளில் உருண்டு வந்தது. அவள் அதுவும் வித்தையின் ஒரு பகுதியென்று எண்ணிச் சிரித்தாள். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

இனி, சென்ற ஞாயிற்றுக்கிழமை.

பூசை முடிந்து றீற்றாவின் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். படலையைத் திறந்துகொண்டு பாக்கியம் வந்தார். மெலிந்துவிட்டார், ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. அவரும் இடம்பெயர்ந்து எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாராம். சுவாமிக்கு ஆண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு நடந்தே வந்திருந்தார். உம்முடைய படத்தின் முன் நின்றார். பிறகு என்னைத் தேடி வந்து, என் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். நான் எழுந்தேன், அவர் என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"மாஸ்ரர், ஒண்டு கேக்கவேணும். கேக்காமல் செத்தா நெஞ்சு வேகாது."

"கேளுங்கோ அம்மா."

"நீங்கள் அண்டைக்குப் பொழுது படும் மட்டும் பொறுத்திருந்தா, என்ர பிள்ளை வந்திருப்பானோ?"

றீற்றா தேநீர்த் தட்டோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவர் கண்கள் என்மேல் இருந்தன. நான் என்ன சொல்வேன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உண்மை என் நாக்கின் நுனியில் இருந்தது. அதற்கு நியாயம் இருந்தது, சாட்சி இருந்தது, ஒன்பது வருடப் பொறுமை இருந்தது. ஒரு வாக்கியம் போதும், என் பெயர் எனக்குத் திரும்பிவிடும். அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல கண்ணால்.

"அது எனக்குத் தெரியாது அம்மா," என்றேன். "ஆனால் திறந்தது பிழை. நான் பொறுத்திருக்கவேணும். அவருக்கு ஒண்டும் நடக்கேல்லை. நான்தான் பயந்துபோனன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"போகட்டும்," என்றார். "உங்கட சிநேகிதர்தானே. பயம் வரும்தானே. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை." எழும்பும்போது தாங்குவதற்கு என் தலையில் கையை வைத்தார். எழுந்த பின்னும் எடுக்கவில்லை. "நான் உங்களை மன்னிச்சிட்டன் மாஸ்ரர். சுகமா இருங்கோ."

றீற்றா தேநீர் கொடுத்தார். பாக்கியம் அதை ஆறவிடாமல் குடித்துவிட்டு, நடக்கத் தூரம் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

எனக்கு இப்போது ஐம்பது வயது. செய்யாத பிழைக்கு மன்னிப்புப் பெறுவது முறையல்ல என்றே வாழ்நாள் முழுவதும் நினைத்து வந்தேன். அதைப் பெற்று நான்கு நாட்களாகின்றன. கையின் பாரம் இன்னும் தலையில் இருக்கிறது. அந்த மன்னிப்பைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. கொடுக்கவும் எனக்கு மனமில்லை.